வீல் பக்கத்தில் ஒரு சுவிச்

குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் கிடந்த அந்தப் பழைய மீன்பிடி போட்டில் நான் செய்த வேலையை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கட்டும், குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு சுவிச் விஷயம் மட்டும் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சுவிச்சை எங்கே வைப்பது என்று எனக்கும் போட்டை ஓட்டுகிற ஸ்ராங்குக்கும் நடந்த பேச்சுதான் காரணம்.

புது வயர்லெஸ், கடல் வரைபடத்தில் இடத்தைக் காட்டுகிற புது ஜிபிஎஸ் பிளாட்டர், போட்டு எங்கே இருக்கிறது என்று சுற்றியுள்ள கப்பல்களுக்கு ரேடியோவில் சொல்லுகிற ஒரு ஏஐஎஸ். உடமைக்காரர் மூன்றுக்கும் பணம் கொடுத்துவிட்டார். ஏஐஎஸ்ஸுக்கு நான் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது ஸ்ராங்கு பக்கத்தில் வந்து குந்தினார்.

"மக்ளே, இதை அணைக்கதுக்கு ஒரு சுவிச்சு உண்டும்லா? அதை வீலுக்குக் கிட்ட வச்சிரு."

"அணைக்கதுக்கா மாமா இவ்வளவு ரூவா குடுத்து மாட்டுதோம்?"

"கப்பல்காரன் என்னைப் பாக்கட்டு, வேண்டாம்னு சொல்லல்ல. நான் மீனு பிடிச்சிட்டு நிக்கதைப் பின்னால வாற போட்டுக்காரன் எதுக்குப் பாக்கணும்?"

அவர் கேட்டது நியாயமா என்றால், நியாயம்தான். ஏஐஎஸ் ஆள் பார்த்துப் பேசாது. படகின் எண், இடம், வேகம், போகிற திசை எல்லாவற்றையும் சுற்றியிருக்கிற எல்லோருக்கும் அறிவித்துக்கொண்டே இருக்கும். கப்பலுக்கு மட்டும் காட்டு, பக்கத்துப் போட்டுக்குக் காட்டாதே என்று அதனிடம் சொல்ல வழியில்லை.

அவருக்கு இடம் என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று முந்தின நாளே பார்த்திருந்தேன். பழைய ஜிபிஎஸ்ஸில் இருந்த மார்க்கையெல்லாம், அதாவது மீன் கிடைக்கிற இடங்களின் எண்களையெல்லாம், புதுசுக்கு மாற்ற வேண்டும். நோட்டைக் கொடுங்கள், அடித்துத் தருகிறேன் என்றேன். கொடுக்கவில்லை. வாய்விட்டு வாசிக்கவும் மாட்டேன் என்றுவிட்டார். ஓரங்கள் மண்ணெண்ணெய் பட்டு மஞ்சளான ஒரு கணக்கு நோட்டு. அதை மடியில் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிப் பார்த்து, தடித்த விரலால் அவரே அடித்தார். நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். அந்த நோட்டில் மினிட்டுக்குப் பிறகு புள்ளி வைத்து எழுதியிருந்தார்; பிளாட்டரோ செகண்டில் கேட்டது. .30 மினிட்டை 30 செகண்டாக அடித்தால் கிட்டத்தட்ட 370 மீட்டர் தள்ளிப் போய்விடும். மீன் கூடுகிற கடலடிப் பார் ஒரு பக்கம், போட்டு ஒரு பக்கம். செட்டிங்கை மாற்றிக் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்து நின்றேன். அந்த எண்கள் அவர் மகனுக்காவது தெரியுமோ என்னவோ.

அப்படிப்பட்ட மனுஷன் கேட்கிறார், சுவிச்சை வீலுக்குக் கிட்ட வை என்று.

நான் சொன்ன பதில் இது: "சுவிச்சு இருக்கும் மாமா. ஆனா கைக்குக் கிட்ட இருக்காது."

எந்தக் கருவியானாலும் கரண்டைத் துண்டிக்கத் தனி பிரேக்கர் வேண்டும், அதில் பேச்சே இல்லை. பழைய போட்டுகளில் நான் பார்க்கிற பாதிச் சிக்கல் பெட்டிக்குள் இருப்பதில்லை, வயரில்தான் இருக்கிறது. இந்தப் போட்டிலும் 24 வோல்ட்டுக்கு வரிசையாகப் போட்ட இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட்டைத் திருடி வயர்லெஸ்ஸுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு பேட்டரி எப்போதும் சார்ஜ் குறைந்தே கிடக்கும், மற்றது கூடுதல் சார்ஜ் வாங்கிக் கொதிக்கும். அப்புறம் பேட்டரிக் கம்பெனியைத் திட்டுவார்கள். ஆன்டெனா கேபிளின் கனெக்டரைத் திருகிக் கழற்றினால் உள்ளே பச்சைப் பொடி. கேபிளை ஒரு சாண் வெட்டியும் பின்னல் கம்பி கறுப்பாகவே இருந்தது. 25 வாட் வயர்லெஸ் வாங்கி அந்தக் கேபிளில் மாட்டினால் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது எவ்வளவு? கேபிளை மாற்றினேன், 24 வோல்ட்டை 12 ஆக்குகிற கன்வெர்ட்டர் போட்டேன், ஆன்டெனாவை வீல்ஹவுஸ் கூரையிலிருந்து மாஸ்ட் உச்சிக்கு ஏற்றினேன். இந்த வயர்லெஸ்ஸின் விஎச்எஃப் அலை போகிற தூரத்தை வாட்டைவிட உயரம்தான் தீர்மானிக்கும். புது வயர்லெஸ்ஸை முதலில் போட்டபோது ஒரே இரைச்சல். மேல்தட்டு எல்இடி விளக்கை அணைத்ததும் நின்றது. இதை நம்பாதவர்கள் தங்கள் போட்டில் ஒருமுறை அணைத்து, போட்டுப் பார்க்கலாம்.

சரி, சுவிச்சுக்கு வருகிறேன். பிரேக்கர்களையெல்லாம் ஒரு பெட்டிக்குள் வைத்து, படுக்கிற பலகைக்குக் கீழே இறங்கும் படிக்குப் பக்கத்தில் மாட்டி, மூடிக்கு நாலு ஸ்குரூ போட்டேன். தண்ணீர் தெறிக்காத இடம் அதுதான். இதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன், பொய்யும் இல்லை. ஆனால் வீலுக்குப் பின்னாலும் தண்ணீர் படாத ஓர் இடம் இருந்தது.

ஸ்ராங்கு பார்த்தார். சண்டைக்கு வரவில்லை. "ஒனக்கென்ன மக்ளே, நீ கரையில கெடப்ப" என்றார், அவ்வளவுதான்.

அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. இல்லை, இருக்கிறது. 2018 ஆகஸ்டில் கேரளத்து முனம்பத்திலிருந்து போன போட்டைக் கப்பல் இடித்ததே, அதில் செத்தவர்களும் கரையில் கிடக்கத்தான் ஆசைப்பட்டிருப்பார்கள். வளைகுடாவுக்கும் கொழும்புக்கும் போகிற கப்பல்கள் நம் குமரி முனையைச் சுற்றித்தான் போகின்றன. தூண்டில் விட்டு மெதுவாக மிதக்கிற போட்டின் சிறிய ஏஐஎஸ் 3 நிமிடத்துக்கு ஒருமுறைதான் இடத்தைச் சொல்லும். 15 நாட், அதாவது மணிக்கு 15 கடல் மைல், வேகத்தில் வருகிற கப்பல் அந்த 3 நிமிடத்தில் முக்கால் கடல் மைல் வந்துவிடும். அணைக்காமல் இருந்தாலே இந்தக் கதி.

இந்தக் கணக்கையெல்லாம் அவரிடம் சொன்னேனா என்றால், பாதி சொன்னேன். "அரசாங்கம் தந்த டிரான்ஸ்பாண்டர் இருக்குல்லா" என்றார். அதை அவர் அணைப்பதில்லை, அதில் அவருக்குப் புகாரும் இல்லை. ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் கிடந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்பது நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வந்து போகிற அந்தப் பெட்டிக்கு மரியாதை உண்டு. அது இடத்தைக் கரையிலிருக்கிற ஆபீசுக்குச் சொல்லும், பக்கத்துப் போட்டுக்குச் சொல்லாது. அவருக்கு அது போதும். ஆனால் எதிரே வருகிற கப்பலுக்கும் அது சொல்லாதே.

இனி நான் யாரிடமும் சொல்லாத பங்கு. அந்த ஏஐஎஸ்ஸில் சைலண்ட் என்று ஒரு வசதி உண்டு. ஒரு சிறு சுவிச்சை அதற்கென்று உள்ள வயரில் சேர்த்தால் போதும், நம் இடத்தை அனுப்புவது நிற்கும். மற்றவர்களைப் பார்ப்பது நிற்காது. கப்பல் வருகிறதா என்று பிளாட்டரில் தெரிந்துகொண்டே இருக்கும். பிரேக்கரை அணைத்தால் இரண்டும் போச்சு. கண்ணை மூடிக்கொண்டு ஒளிகிற பிள்ளை மாதிரி, மற்றவர்களிடமிருந்து மறைகிறவர் தானும் குருடாகிவிடுவார்.

அந்த வயரை டேப் சுற்றி உள்ளே மடக்கி வைத்தேன். அப்படி ஒன்று இருக்கிறது என்று வாய் திறக்கவில்லை.

எளிதாக மறைகிற வழியைக் காட்டிவிட்டால் துறைமுக வாயைத் தாண்டினதும் தட்டிவிடுவார், கரை திரும்பும்வரை போட மாட்டார் என்று அன்றைக்கு நினைத்தேன். ஸ்குரூ கழற்றி மூடி திறக்க வேண்டுமென்றால் சோம்பலிலேயே விட்டுவிடுவார் என்பது என் கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் மார்க்கை மறைக்க அரை நாள் உட்கார்ந்து விரலால் அடித்த மனுஷனுக்கு நாலு ஸ்குரூ ஒரு தடையா? எப்படியும் அணைக்கப்போகிறவர் என்றால், பார்வையாவது மிஞ்சட்டும் என்று சைலண்டைக் கொடுத்திருக்கலாம். இல்லை, கொடுத்திருந்தால் அது துறை முழுக்கப் பரவியிருக்கும். என் கையாலேயே எல்லாப் போட்டையும் கப்பல்காரன் கண்ணிலிருந்து மறைத்த மாதிரி ஆகியிருக்கும். இரண்டு பக்கமும் நானே வக்கீல், நானே எதிர்வக்கீல்.

போட்டு கடலுக்குப் போன அன்று போனில் கப்பல்களைக் காட்டுகிற ஆப்பைத் திறந்து பார்த்தேன். போட்டின் புள்ளி தெரிந்தது, தெற்கே நகர்ந்தது, அப்புறம் காணாமல் போனது. அணைத்துவிட்டார் என்று கோபம்கூட வந்தது. பிறகுதான் யோசித்தேன். இலவச ஆப் காட்டுவது கரையிலிருக்கிற ரிசீவர் பிடிப்பதை மட்டும். 2 வாட் பெட்டி, கரையைவிட்டு விலகினால் அதுவாகவே மறையும். அணைத்தாலும் அப்படித்தான் தெரியும், அணைக்காவிட்டாலும் அப்படித்தான் தெரியும். இது நன்றாகத் தெரிந்தும் ஒவ்வொரு தடவை போட்டு இறங்கும்போதும் பார்க்கிறேன்.

பின்னொரு நாள், ஒலியை விட்டு ஆழத்தையும் மீனையும் காட்டுகிற எக்கோவின் டிரான்ஸ்டியூசர் மாற்ற அதே போட்டுக்குப் போனேன். பிரேக்கர் பெட்டியின் மூடியில் இரண்டு ஸ்குரூதான் இருந்தது. மற்ற இரண்டு எங்கே என்று கேட்டேன். "பம்பு டிரிப்பாச்சு, இஞ்சின்காரன் தொறந்தான்" என்றார் ஸ்ராங்கு. இருக்கலாம். பம்பின் பிரேக்கரும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. வேலை முடிந்ததும் என்னை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய மைத்துனர் போட்டுக்கும் இதே மாதிரி எல்லாம் செய்ய வேண்டுமாம்.

"சுவிச்சு எங்கேன்னு அவன்ட்ட கேட்டுக்கோ, எனக்கு அதுல ஒண்ணுமில்ல" என்று சொல்லிச் சிரித்தார்.

மைத்துனரிடம் இதுவரை கேபிள், கன்வெர்ட்டர், ஆன்டெனா உயரம் எல்லாம் பேசிவிட்டேன். சுவிச்சைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.