அப்பாவின் கைநாட்டு

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த மூன்றாவது வாரம், அம்மாவும் நானும் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் அவர் கணக்கு வைத்திருந்த பேங்குக்குப் போனோம். கல்யாண சர்ட்டிபிகேட், அப்பாவின் அடையாள அட்டையான ஐசி, டாக்டர் கடிதம் எல்லாம் அம்மாவின் பையில் இருந்தன. கவுண்டரில் இருந்த பெண் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, கணக்கு அவர் ஒருவர் பெயரில்தான் இருக்கிறது, அவர் வர வேண்டும், முடியாதென்றால் கோர்ட்டு ஆர்டர் வேண்டும் என்றார். "நான் அவர் பொஞ்சாதிம்மா, நாப்பத்தோரு வருஷம்" என்றார் அம்மா. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் பதில் மாறவில்லை.

அன்றுவரை எனக்கும் தெரியாது. ஒருவருக்குப் புத்தி தெளிவு போய்விட்டால், அவர் பணத்தின் மீது மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ தானாக எந்த அதிகாரமும் வருவதில்லை. அப்பாவின் இபிஎப் சேமநிதிக் கணக்கில் அம்மாதான் நாமினி, ஆனால் நாமினி என்பது இறந்த பிறகு வேலை செய்கிற விஷயம். அப்பா உயிரோடுதான் இருக்கிறார், மூக்கில் குழாயோடு, எங்களைச் சில நாள் அடையாளம் தெரிந்தும் சில நாள் தெரியாமலும்.

சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். மாமா ஒருநாள் சாயங்காலம் மைப்பெட்டியோடும், அப்பா சார்பாகச் செயல்பட அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரத்தோடும் வந்துவிட்டார், இடது கைப் பெருவிரலைப் பிடித்து நாட்டு வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது, எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று. கெட்ட எண்ணம் கிடையாது, எங்கள் கஷ்டத்தைப் பார்த்துத்தான் வந்தார். அவர் கையைத் தொட்டதும் அப்பா அதைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். புரிந்து இழுத்தாரா, மை சில்லென்று பட்டதால் இழுத்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் பத்திரத்தை மடித்து மாமா கையிலேயே கொடுத்துவிட்டேன்.

அப்புறம் லாயரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, என்ன எழுதுகிறோம் என்று புரியாதவரிடம் வாங்கிய பவர் செல்லாது. நல்ல நிலையில் இருக்கும்போதே கொடுத்திருந்தாலும் கதை அதேதான்: கொடுத்தவருக்குப் புத்தி சுவாதீனம் போனால் அவர் சார்பாகச் செயல்படும் அதிகாரம் முடிந்துவிடும் என்று 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 154ஆம் பிரிவில் சொல்கிறது. அதாவது பவர் நமக்கு எப்போது தேவைப்படுகிறதோ அப்போது அது கையில் இருக்காது. அண்ணன் ஜொகூரிலிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். அங்கே 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நாளைக்கு எனக்கு முடியாமல் போனால் இன்னார் பார்த்துக்கொள்ளட்டும் என்று தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கலாம் என்றார். நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லாததால்தான் எத்தனையோ குடும்பங்கள் மைப்பெட்டியைத் தேடுகின்றன என்று நினைக்கிறேன்.

நமக்கு இருப்பது 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், 2010 ஜூன் மாதம் அமலுக்கு வந்தது. மனநலம் என்ற பெயரைக் கேட்டதும் அம்மா, "உங்கப்பாவுக்கு என்ன பைத்தியமா?" என்று அழுதுவிட்டார். ஆனால் அந்தச் சட்டத்தில் மனக்கோளாறு என்பதற்கான விளக்கம் மிகவும் அகலமானது, எப்படி வந்த பாதிப்பாக இருந்தாலும் அதில் அடங்கும். பக்கவாதம், மறதி நோய், தலையில் அடிபட்டது, எல்லாம்தான். மனு ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டும், சொந்தக்காரர் போடலாம். முதலில் இவரால் தன்னையும் தன் காரியங்களையும் பார்த்துக்கொள்ள முடிகிறதா என்று விசாரிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். முடியவில்லை என்று கோர்ட்டு முடிவு செய்த பிறகுதான் பொறுப்பாளரை நியமிக்கும். அந்தப் பொறுப்பாளருக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் 'கமிட்டி', ஒரே ஆளாக இருந்தாலும் கமிட்டிதான். ஆளைப் பார்த்துக்கொள்ள ஒருவர், சொத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர் என்று தனித்தனியாகவும் நியமிக்கலாம்.

என்னை உலுக்கியது அபிடவிட் என்ற சத்தியப் பத்திரம்தான். அப்பாவுக்கு எது எது முடியாது என்று நானே எழுதி, சத்தியம் செய்து, கையெழுத்துப் போட வேண்டும். நாற்பது வருஷம் லாரி ஓட்டி, ஈப்போ, தைப்பிங் கணக்கெல்லாம் மனதிலேயே போட்ட மனிதர், இன்று ஐந்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டையும் ஐம்பது வெள்ளி நோட்டையும் பிரித்துச் சொல்ல மாட்டார் என்று எழுதினேன். எழுதிவிட்டு அன்றிரவு அவர் பக்கத்தில் உட்கார முடியவில்லை.

டாக்டர்களின் ரிப்போர்ட், அண்ணனும் தங்கையும் சம்மதம் சொல்லும் அபிடவிட், கணக்கில் எவ்வளவு, வீட்டு கிராண்ட், அதாவது உரிமைப் பத்திரம், யார் பெயரில், பணத்தை எதற்குச் செலவு செய்யப்போகிறோம் என்று லாயர் ஒவ்வொன்றாகக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. எங்களை ஏன் திருடர்கள் மாதிரி விசாரிக்க வேண்டும்? பிறகு அந்தப் போர்வைக்குள் போன கை ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கேள்விகளை எல்லாம் கேட்டிருக்க வேண்டியவர் அப்பா. அவரால் கேட்க முடியாததால் சட்டம் கேட்கிறது. அதற்குப் பிறகு ஒரு தாளைக்கூட நான் சலித்துக்கொண்டு கொடுக்கவில்லை.

ஏழு மாதம் ஆனது. ஆர்டர் கிடைத்த அன்று பெர்ரியில் பினாங்குத் தீவுக்குப் போய், ஜெட்டியிலிருந்து லைட் ஸ்ட்ரீட் கோர்ட்டுக்கு நடந்தே போனோம், அம்மா வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை. ஆளுக்கும் சொத்துக்கும் நானும் அம்மாவும் சேர்ந்து கமிட்டி. அதற்காக எதையும் செய்துவிட முடியாது. வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ வேண்டுமென்றால் மறுபடியும் கோர்ட்டு அனுமதி வேண்டும், கணக்கு கேட்டால் காட்ட வேண்டும்.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம், ரசீதெல்லாம் பிஸ்கட் டின்னில். அம்மாவுக்கு இதில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ராத்திரி விளக்கை அணைப்பதற்கு முன்னால் அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்து அன்றைய செலவை வாசித்துக் காட்டுவார். டயாப்பர் நாற்பத்தெட்டு வெள்ளி, பால் மாவு எழுபத்திரண்டு, பிசியோவுக்கு எண்பது. அப்பா சில நாள் கூரையைப் பார்ப்பார், சில நாள் "ம்" என்பார். "ம்" சொன்ன நாளில் அம்மா நோட்டில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டுவைக்கிறார்.