பாதி ஆரம்: வீட்டில் ஒரு பிராக்சினோஸ்கோப்

ஜோட்ரோப் என்பது, சுழலும் உருளைக்குள் இருக்கும் படங்களைக் கீற்றுகள் வழியே பார்க்கும் பழைய பொம்மை. அதில் படம் ஓடும். ஆனால் இருட்டில் ஓடும். பிராக்சினோஸ்கோப்புக்கு முன் செய்து பார்த்தது அதைத்தான். 229 மி.மீ. உள்விட்டமுள்ள உருளை, சுவரின் மேல்பாதியில் 4 மி.மீ. அகலத்தில் 12 செங்குத்துக் கீற்றுகள், கீழே 12 படங்கள் வரைந்த காகிதப் பட்டை. கீற்றுக்குக் கீற்று 60 மி.மீ. ஆக, கண்ணுக்கு வந்து சேர்வது 60இல் 4 பங்கு, அதாவது பதினைந்தில் ஒரு பங்கு வெளிச்சம். கீற்றை 8 மி.மீ. ஆக்கினால் வெளிச்சம் இரட்டிக்கும், படம் கலங்கிவிடும். 2 ஆக்கினால் கூர்மை வரும், ஓடுவது குதிரையா கழுதையா என்றே தெரியாது. படம் குறுக்குவாட்டில் ஒடுங்கித் தெரிவது இன்னொரு தொல்லை. குண்டான ஆளை வரைந்தால்தான் சாதாரண ஆளாகத் தெரிகிறான்.

இதில் நம் காலத்துச் சிக்கலும் ஒன்று சேர்ந்துகொண்டது. நொடிக்கு ஒரு சுற்று என்றால் ஒரு கீற்று கண்ணைக் கடக்கும் நேரம் 5.6 மில்லி நொடி. மலிவான எல்.இ.டி. பல்பு நொடிக்கு 100 முறை மங்கி எழும். ஒரு மங்கலுக்கும் அடுத்த மங்கலுக்கும் இடையே 10 மில்லி நொடி. சில கீற்றுகள் வெளிச்சத்திலும் சில மங்கலிலும் மாட்டிக்கொள்ள, படம் விட்டு விட்டுத் துடிக்கிறது. பேட்டரி டார்ச்சில் இது இல்லை.

பிரிட்டனில் வில்லியம் ஜார்ஜ் ஹார்னர் 1834இல் விவரித்த கருவி இது. 1860களில்தான் ஜோட்ரோப் என்ற பெயரில் கடைக்கு வந்து பரவியது. 1877இல் பிரான்சில் எமில் ரேனோ காப்புரிமை வாங்கிய பிராக்சினோஸ்கோப், கீற்றுகளையே தூக்கி எறிந்துவிட்டது. உருளை அதேதான். நடுவில் 12 பட்டைக் கண்ணாடிகள் கொண்ட தூண். படத்தை நேராகப் பார்ப்பதில்லை, கண்ணாடியில் பார்க்கிறோம்.

கருவியின் சூட்சுமம் ஒரே வரிதான்: கண்ணாடி, அச்சிலிருந்து உருளை ஆரத்தின் சரிபாதியில் நிற்க வேண்டும். படம் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தூரமோ, பிம்பம் பின்னால் அதே தூரம். பாதி ஆரத்தில் கண்ணாடி இருந்தால் பிம்பம் போய் விழுவது அச்சின் மேலேயே. உருளை எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அச்சு நகர்வதில்லை. அதனால் பிம்பமும் ஓடாது, கதவு போல லேசாகத் திரும்ப மட்டுமே செய்யும். அது விலகுவதற்குள் அடுத்த கண்ணாடி அடுத்த படத்தை அதே இடத்தில் வைத்துவிடும். நடுவே இருட்டு கிடையாது. பிற்காலத்துச் சினிமா இயந்திரம் பிலிமை நிறுத்தி, மூடி, இழுத்து, மறுபடி திறந்து சாதித்ததை இது எதையும் நிறுத்தாமலே செய்கிறது.

கணக்கைப் படத்தின் அகலத்திலிருந்து தொடங்குவது வசதி. படத்துக்கு 60 மி.மீ., 12 படத்துக்கு 720. ஆரம் 114.6. பாதி 57.3. இங்கேதான் முதல் தவறு நேர்ந்தது. கடையில் கிடைப்பது 2 மி.மீ. கண்ணாடி, ரசம் பின்பக்கம் இருக்கிறது. கண்ணாடியின் முன்முகத்தை 57.3இல் வைத்தாலும் பிசகு, ரசத்தை அங்கே வைத்தாலும் பிசகு. ஒளி கண்ணாடிக்குள் வளைவதால், ரசம் இருப்பதைவிடச் சுமார் 0.7 மி.மீ. முன்னால் இருப்பதுபோல் நடந்துகொள்கிறது. எனவே ரசம் 56.6இல் நிற்க வேண்டும். தூணுக்கான பன்னிருகோணத்தை வரைய 58.6 மி.மீ. ஆரத்தில் வட்டம் போட்டு 12 ஆகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் 30.3 வரும்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்றால், தேவை. கண்ணாடி 2 மி.மீ. தள்ளி நின்றால் பிம்பம் அச்சைவிட்டு 4 மி.மீ. விலகும். ஒவ்வொரு படமும் மாறுவதற்குள் பக்கவாட்டில் 2 மி.மீ. வழுக்கும். அரை மில்லிமீட்டர் பிசகைக் கண் மன்னித்துவிடும்.

கண்ணாடிக் கடையில் 90 மி.மீ. அகலத்தில் நீளப் பட்டையாக முதலில் வெட்டச் சொல்லி, பிறகு அதை 30 மி.மீ. துண்டுகளாக்கச் சொல்வது நல்லது, 30 மி.மீ. பட்டையை நீளமாக வெட்டினால் கோணலாக உடைகிறது. 12 போதும் என்றாலும் 15 வாங்க வேண்டும். 30.3ஐத் தாண்டிய துண்டு பக்கத்துத் துண்டை நெட்டித் தள்ளும். ஓரங்களைத் தண்ணீர் விட்டு எண்ணெய்க்கல்லில் தேய்க்காமல் கையில் எடுக்கக் கூடாது. அக்ரிலிக் கண்ணாடி உடையாது, ஆனால் வளைகிறது; முகங்கள் ரப்பர்போல இழுபடுகின்றன. அதை விட்டுவிடலாம்.

உயரம் ஏன் 90? பார்ப்பவர் முன்சுவரின் விளிம்புக்கு மேலாகச் சாய்ந்து பார்க்கிறார். சுவர் 60 மி.மீ. என்றால், படத்தின் அடிப்பகுதி தெரிய, பார்வை சுமார் 28 பாகைச் சரிவில் இறங்க வேண்டும். அந்தச் சரிவில், 40 செ.மீ. தள்ளியிருக்கும் கண்ணுக்குப் படத்தின் தலைப்பகுதி கண்ணாடியில் 81 மி.மீ. உயரத்தில் தெரிகிறது. சுவர் உயரத்துக்கே கண்ணாடி வெட்டினால் எல்லா ஆட்களும் தலையில்லாத முண்டங்கள்தான். கண்ணாடியின் அடிப்பக்கம் 30 மி.மீ. எதற்கும் பயன்படாது, ஒட்டும் இடமாக வைத்துக்கொள்ளலாம்.

அடித்தட்டு 12 மி.மீ. பிளைவுட், விட்டம் 229. சுவர், அரை மி.மீ. அட்டையை இரண்டு சுற்றாகப் பெவிகால் வைத்து ஒட்டியது. ஒரே தடித்த அட்டையை வளைத்தால் மடிப்பு மடிப்பாக உடைகிறது, வட்டம் கெட்டுப்போகிறது. இரண்டு சுற்றின் மூட்டுகளும் எதிரெதிராக வர வேண்டும். ஒரே பக்கம் வந்தால் அந்தப் பக்கம் கனத்து, சுழலும்போது உருளை தலையாட்டும். அச்சுக்கு 8 மி.மீ. போல்ட், ஸ்கேட்டிங் சக்கரத்தில் வரும் 608 பேரிங் இரண்டு, நடுவே 40 மி.மீ. இடைவெளி. புதுப் பேரிங்கில் கிரீஸ் கெட்டியாக இருக்கும். கையால் சுழற்றிவிட்டால் நாலைந்து சுற்றில் நின்றுவிடுகிறது. மண்ணெண்ணெயில் அலசி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சுணக்கம் போய்விடும்.

கண்ணாடி ஒட்டும் வேலையில் இரண்டு முறை தோல்வி. இருபக்க ஸ்பாஞ்ச் டேப் ஒவ்வோரிடத்தில் ஒவ்வோர் அளவுக்கு அமுங்கி, கண்ணாடிகள் சாய்ந்தன. அடுத்து சாதாரண சிலிக்கான். வினிகர் வாடை அடிக்கும் வகை அது. அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் பின்பக்கப் பெயின்ட்டைத் துளைத்து ரசத்தை அரித்துவிடும். வாடையில்லாத ‘நியூட்ரல்’ வகைதான் சரி. கண்ணாடிக்கு நான்கு சிறு பொட்டு, சுற்றிலும் ரப்பர் பேண்ட், ஒரு முழு நாள் தொடாமல் வைக்க வேண்டும்.

ஒட்டி முடித்ததும் படம் போட்டுப் பார்க்கத்தான் கை போகும். முதலில் போட வேண்டியது சோதனைப் பட்டை: ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு கூட்டல் குறி, வேறெதுவும் வேண்டாம். மெதுவாகச் சுழற்றினால் குறி அசையாமல் நிற்க வேண்டும். சுற்றுக்கு ஒருமுறை மட்டும் துள்ளினால் ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது. கண்ணாடியின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் 1 மி.மீ. வித்தியாசம் இருந்தால் குறி 1.3 மி.மீ. ஏறி இறங்கும். குற்றவாளி எது என்று தெரிய, கண்ணாடிகளின் தலையில் எண் எழுதி வைத்துக்கொள்ளலாம். எல்லாப் படமும் ஒரே சீராகப் பக்கவாட்டில் வழுக்கினால் சாய்வு காரணமல்ல, ஆரம் தவறு.

பட்டையைக் கணினியில் வரைந்து அச்சிடுவோர் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வை நிறுத்திவிட வேண்டும். அது 97 சதவீதமாகச் சுருக்கினால் 720 மி.மீ. பட்டை 698 ஆகி, 22 மி.மீ. இடைவெளி விழும். ஏ3 தாளின் நீளம் 420 என்பதால் ஒட்டு ஒன்று தவிர்க்க முடியாது. 360, 360 என்று பிரித்துக் கட்டத்தின் எல்லையில் ஒட்டினால் கண்ணில் படாது. எழுத்து இருந்தால் இடவலம் மாற்றி எழுத வேண்டும். படங்கள் இடமிருந்து வலம் 1 முதல் 12 வரை என்றால், சுழற்சி மேலிருந்து பார்க்கக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. மாற்றிச் சுற்றினால் நடப்பவன் பின்னால் நடப்பான். குழந்தைகளுக்கு அதுதான் பிடிக்கிறது.

30 மி.மீ. கண்ணாடி வழியே ஒரு நேரத்தில் முழுதாகத் தெரிவது படத்தின் நடு 35 மி.மீ. மட்டும், ஓரங்களைப் பக்கத்துக் கண்ணாடிகள் தருகின்றன. அசையும் உருவம் அந்த 35க்குள் இருந்தால் சிதையாது.

முதல் படமாகத் துள்ளும் பந்து. தரையிலிருந்து உயரம் மி.மீ.இல்: 0, 12.2, 22.2, 30, 35.6, 38.9, 40, பிறகு அதே வரிசை தலைகீழாக 12.2 வரை. சம இடைவெளியில் வரைந்த பந்து லிப்டில் ஏறி இறங்குவதுபோல் இருக்கிறது. இந்த அளவில் வரைந்தால் எடை வந்துவிடுகிறது. தரைக்கு அருகே 12 மி.மீ. தாவும் இடத்தில் இரண்டு பந்துகள் தெரிந்தன. இருட்டு இல்லாததன் விலை அது: பழைய படம் போகும்போதே புதியது நுழைகிறது. அந்த இரண்டு கட்டங்களில் மட்டும் பந்தை நெட்டுவாக்கில் முட்டைபோல நீட்டியதும் சரியானது. வேகம் நிமிடத்துக்கு 60 சுற்று, அதாவது நொடிக்கு 12 படம்.

பன்னிரண்டு படத்தோடு ரேனோ நிற்கவில்லை. பட்டையை உருளையிலிருந்து கழற்றி, துளையிட்ட நீண்ட நாடாவாக்கித் திரையில் வீழ்த்தினார். 1892 அக்டோபர் 28இல் பாரிஸின் கிரேவின் காட்சியகத்தில் பொதுமக்கள் பார்த்தார்கள். சினிமாவின் தொடக்கமாகச் சொல்லப்படும் லூமியேர் சகோதரர்களின் கிராண்ட் கபே காட்சிக்கு மூன்று ஆண்டுகள் முன்பு. ‘பாவம் பியரோ’ என்ற ஒன்றுக்கு மட்டும் 36 மீட்டர் நாடா, கையால் வரைந்த 500 படங்கள். நொடிக்கு 12 என்று ஓட்டினால் அது 42 நொடியில் தீர்ந்துவிடும். அவர் கையால் முன்னும் பின்னும் ஓட்டி, நிறுத்தி, கால் மணி நேரம்போல் நீட்டினார். பிறகு வறுமையில் நாடாக்களில் பெரும்பாலானவற்றைச் சீன் நதியில் எறிந்துவிட்டார். 1918இல் இறந்தார்.

அடுத்து கைவைத்திருப்பது அவர் 1879இல் சேர்த்த மேடை அமைப்பு. உருவங்களைக் கறுப்புப் பின்னணியில் வரைந்து, கண்ணுக்கும் உருளைக்கும் நடுவே ரசமில்லாத வெறும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்தால், அதில் பிரதிபலிக்கும் காட்சி அட்டை உருவத்துக்குப் பின்புலம் ஆகிறது. பளபளப்பான அச்சு மை கறுப்பாக இருப்பதில்லை, சாம்பலாக மினுங்குகிறது. மேட் போஸ்டர் கலர் இரண்டு பூச்சு கொடுத்த பிறகே நடிகன் மரத்தடியில் நின்றான். இப்போதைக்குக் காட்சி அட்டை மேல் விழும் டார்ச் அதிகம். மரம் அவன் உடம்பு வழியாகத் தெரிகிறது.