ஒருமையில் ஆண்பால், பன்மையில் பெண்பால்

பிரெஞ்சு வகுப்பில் ‘அமூர்’ என்ற சொல்லை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. காதல் என்று தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். கேள்வி கிளம்புவது கவிதைப் பாடத்தில்தான். 1857இல் வெளிவந்த பிரெஞ்சுக் கவிஞர் பொதலேரின் தொகுப்பில், பிள்ளைப்பருவக் காதல்களை அவர் ‘அமூர் ஆன்ஃபாந்தின்’ என்கிறார். பிரெஞ்சில் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் ஆண்பால் அல்லது பெண்பால்; அடைமொழியும் அதையொட்டி மாறும். இங்கே அடைமொழி பெண்பாலில் நிற்கிறது. “அமூர் ஆண்பால்னுதானே சார் சொன்னீங்க?” என்று ஒரு கை உயரும். அந்தக் கைக்காகவே நான் காத்திருப்பேன்.

ஒருமையில் ஆண்பால், பன்மையில் இலக்கிய வழக்குப்படி பெண்பால். விதிவிலக்கு, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்று முடித்துவிடலாம்தான். எனக்கு மனசு வராது.

பலகையில் மூன்று சொற்களை எழுதுவேன்: துலெர், குலெர், ஷலெர். வலி, நிறம், வெப்பம். லத்தீனில் தொலோர், கொலோர், கலோர் என்று ஆண்பாலாக இருந்தவை, பிரெஞ்சுக்கு வந்ததும் ஓசையும் மாறிப் பெண்பாலாகவும் ஆகிவிட்டன. அந்தக் கணக்கில் ‘அமோர்’ என்ற லத்தீன் சொல் ‘அமெர்’ என்றுதான் ஆகியிருக்க வேண்டும். வடக்கே சில வட்டாரங்களில் அப்படியும் வழங்கியது. ஆனால் நிலைத்தது ‘அமூர்’. காரணம் தெற்கத்திப் பாட்டு என்பதே அறிஞர்கள் பலரும் சொல்லும் விளக்கம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் தென் பிரான்சின் ஆக்ஸித்தான் மொழியில் பாடிய த்ரூபதூர்கள் என்ற பாடகக் கவிஞர்கள் ‘ஃபின் அமோர்’ என்ற பண்பட்ட காதலைப் பாடினார்கள். நமக்குக் கிடைத்திருப்பவர்களில் மூத்தவர் தென்மேற்குப் பிரான்சின் அக்கித்தேன் கோமகன் ஒன்பதாம் கியோம். அவருடைய பேத்தி எலியனோர் 1137இல் பிரெஞ்சு அரசர் ஏழாம் லூயியை மணந்தார். அவர் மகள் மரி, வடக்கே ஷாம்பாஞ் அரசவையில் க்ரெத்தியேன் த த்ருவா என்ற கவிஞரை ஆதரித்தார். ஆர்தர் அரசரின் வீரன் லான்ஸ்லோவின் காதல் கதை அங்கே பிறந்தது. பாட்டோடு சேர்ந்து தெற்கத்தி உச்சரிப்பும் வடக்கே போய் ஒட்டிக்கொண்டது. காதலுக்கான சொல்லையே பாடகர்களிடமிருந்து வாங்கிக்கொண்ட மொழி என்று நினைக்கும்போது இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

அப்புறம் மறுமலர்ச்சிக் காலம். லத்தீன் படித்தவர்கள் மூலச்சொல் ஆண்பால்தானே என்று, அதுவரை பெண்பாலாக வழங்கிவந்த ஒருமையை அந்தப் பக்கம் திருப்பினார்கள். பன்மையில் மட்டும் பழைய பெண்பால் தங்கிவிட்டது. கவிஞர் ரோன்சார் 1552இல் தன் காதல் கவிதைகளுக்கு இந்தப் பன்மையையே தலைப்பாக வைத்தார்.

இன்றைய பிரெஞ்சுக்காரர்கள் பேச்சில் பன்மையையும் ஆண்பாலாகச் சொல்வதுண்டு. அதனால் விடைத்தாளில் எப்படி எழுதினாலும் நான் மதிப்பெண் குறைப்பதில்லை. பெண்பாலில் எழுதியிருந்தால் மட்டும் ஓரத்தில் ‘அருமை’ என்று எழுதுவேன்.