ஒரு காருக்கு எத்தனை மணிநேரம்?

கார் நிறுவனங்களின் உற்பத்தி நேரத்தை ஒப்பிடும் அட்டவணைகளில் காணப்படும் மணிக்கணக்கு, ஒரு வண்டி ஆலைக்குள் நகர்ந்து முடியும் நேரத்தைக் குறிப்பதில்லை. அந்த ஒரு வண்டிக்காகத் தொழிலாளர்கள் அனைவரும் செலவிட்ட உழைப்பு நேரத்தின் கூட்டுத்தொகையையே குறிக்கிறது. ஆகவே, எந்தெந்த வேலைகள் கணக்கில் சேர்ந்தன என்பதை அறியாமல் இரண்டு எண்களை அருகருகே வைப்பது தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும்.

இந்த ஒப்பீட்டைப் பொறுப்புடன் செய்தவர்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக (எம்.ஐ.டி.) ஆய்வாளர்கள். 1986-இல் மாசசூசெட்ஸின் ஃபிரேமிங்ஹாமில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் ஒரு காரின் பாகங்களைப் பொருத்தி முடிக்க 40.7 மணிநேர உழைப்பு தேவைப்பட்டது. ஜப்பானில் டொயோட்டாவின் தகாவோகா ஆலையில் 18 மணிநேரம் போதுமானதாக இருந்தது. வண்டியின் அளவிலும் வேலைகளிலும் இருந்த வேறுபாடுகளைச் சமப்படுத்திய பின்னரும் அது 31-க்கு 16 என்றே நின்றது. தகாவோகாவில் உதிரிபாகங்கள் சராசரியாக இரண்டு மணிநேரத் தேவைக்கு மட்டுமே கையிருப்பில் இருந்தன, ஃபிரேமிங்ஹாமிலோ இரண்டு வாரத் தேவைக்குக் குவிந்து கிடந்தன.

ஜப்பானியத் தொழிலாளர்களின் பண்பாடே இதற்குக் காரணம் என்று அன்று பலர் சொன்னார்கள். அதற்கு என்னைப் பொறுத்தவரை மிக வலுவான மறுப்பு கலிஃபோர்னியாவின் ஃபிரீமான்ட் ஆலை. பணிக்கு வராமையும் சச்சரவுகளும் மலிந்திருந்த அந்த ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடியது. 1984-இல் டொயோட்டாவின் நிர்வாக முறையுடன் அது நம்மி என்ற கூட்டு நிறுவனமாக மீண்டும் திறக்கப்பட்டபோது வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிற்சங்கத் தொழிலாளர்கள்தாம். 1987-இல் அவர்கள் ஒரு காருக்கு எடுத்துக்கொண்டது, அதே சமப்படுத்திய கணக்கில், 19 மணிநேரம். கைகள் மாறவில்லை, கோளாறு கண்டால் உற்பத்தி வரிசையை நிறுத்தும் அதிகாரம் அந்தக் கைகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது.

பின்னர் வட அமெரிக்க ஆலைகளை ஆண்டுதோறும் ஒப்பிட்ட ஹார்பர் அறிக்கையில் இந்த இடைவெளி படிப்படியாகச் சுருங்கியது. எஞ்சின், கியர்பெட்டி, தகடு அழுத்தும் வேலை ஆகியவற்றையும் சேர்த்த 2007-ஆம் ஆண்டுக் கணக்கில் டொயோட்டாவும் கிரைஸ்லரும் 30.37 மணிநேரத்தில் சமமாக நின்றன, ஃபோர்டு 33.88. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள், 2009 ஏப்ரலில், கிரைஸ்லர் திவாலானதை இந்த எண்ணோடு சேர்த்தே படிக்க வேண்டும்: விற்காத வண்டியை விரைவாகச் செய்வதில் பயனில்லை.

2021-இல் ஃபோக்ஸ்வாகன் தலைவர் ஹெர்பர்ட் டீஸ், தமது ஸ்விக்காவ் ஆலையில் ஒரு மின்சாரக் காருக்கு 30 மணிநேரத்துக்கு மேல் ஆகிறது, டெஸ்லாவோ பெர்லின் அருகே 10 மணிநேரத்தில் முடிக்கப்போகிறது என்று எச்சரித்தார். அந்த 10-ஐப் பலரும் அளந்து பெற்ற எண்ணாகவே இன்றுவரை மேற்கோள் காட்டுகிறார்கள். அப்போது டெஸ்லாவின் அந்த ஆலை உற்பத்தியையே தொடங்கியிருக்கவில்லை. அங்கிருந்து முதல் கார்கள் வாடிக்கையாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டது 2022 மார்ச்சில்தான்.