பட்டன் எங்கே இருக்கிறது?

புது வண்டி வந்து இறங்கினால் டிரைவர்கள் மைலேஜ் எவ்வளவு, ஏசி எப்படி என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது சாவியை வாங்கிய கையோடு ஒரே கேள்விதான்: "அந்தச் சத்தத்தை நிறுத்தற பட்டன் எங்கே இருக்கு?" வேக வரம்பைத் தாண்டினால் வண்டி போடுகிற சத்தம் அது.

பார்சல் வேன் ஓட்டுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. புது வண்டி வந்ததும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் கூடவே போவேன். இந்த வேலைக்கு வருமுன் பதினோரு வருஷம் நானும் ஓட்டியவன்தான். அதனால் அந்தக் கேள்வி எனக்குக் கோபத்தைத் தருவதில்லை. முதல் வாரம் நானும் அதே பட்டனைத்தான் தேடினேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலையில் புது மாடல்களுக்கு வேக உதவிக் கருவி கட்டாயமானது. 2024 ஜூலையிலிருந்து புதிதாக விற்கும் கார், வேன், லாரி, பஸ் எல்லாவற்றிலும் அது இருந்தாக வேண்டும். சட்டத்தில் அதற்கு என்னவோ நீளமான பெயர். எங்கள் டிப்போவில் 'வாத்தியார்'. முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா சாலையோரப் பலகையைப் படிக்கும், மேப்பில் பதிந்திருக்கும் வேகத்தையும் பார்த்துக்கொள்ளும். தாண்டினால் வாத்தியார் வேலையைத் தொடங்குவார். சில வண்டிகளில் பீப் சத்தம், சிலவற்றில் அதிர்வு. இன்னும் சிலவற்றில் ஆக்ஸிலரேட்டர் பெடலே காலை மெல்ல மேலே தள்ளும், அல்லது எஞ்சினுக்குப் போகும் விசை குறையும்.

வண்டி தானாகப் பிரேக் போட்டு நிறுத்திவிடும் என்று பாதிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. பெடலைக் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் வண்டி போகும். வேண்டாம் என்றால் அணைத்தும் வைக்கலாம். ஆனால் அடுத்த முறை வண்டியைக் கிளப்பும்போது வாத்தியார் மறுபடி வந்து உட்கார்ந்துவிடுவார்.

இந்தக் கடைசி வரிதான் எங்கள் ஆட்களுக்கு வினை. காரில் அலுவலகம் போகிறவர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வண்டியைக் கிளப்புவார். பார்சல் வேன்காரர் ஒவ்வொரு வாசலிலும் அணைத்து, இறங்கி, கொடுத்து, கையெழுத்து வாங்கி, மறுபடி கிளப்புகிறார். ஒரு நாள் ஒருவரோடு முழு ஷிஃப்டும் போய் எண்ணிப் பார்த்தேன். நூறைத் தாண்டிவிட்டது. எங்கள் வண்டியில் சத்தத்தை அணைக்கத் திரையை மூன்று முறை தொட வேண்டும். நூறு தடவை, மும்மூன்று தொடுதல். அத்தனை தடவையும் கண் சாலையில் இல்லை, திரையில். பாதுகாப்புக்காக வைத்த பொருளை அணைப்பதற்காக ஒருவர் சாலையைப் பார்க்காமல் ஓட்டுகிறார் என்றால், அவரை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்?

அவர்களுக்கு வேகத்தின் ஆபத்து தெரியாது என்று மேலிடத்தில் ஒரு நினைப்பு. அதற்காக முற்றத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொன்னார்கள். போட்டேன். காய்ந்த தரை, நல்ல பிரேக், எதையோ பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்று கணக்கு. 50-ல் வரும் வண்டி சுமார் 28 மீட்டரில் நிற்கும். அங்கே கோடு. 60-ல் வரும் வண்டி அதே கோட்டைத் தாண்டும்போது என்ன வேகத்தில் இருக்கும் என்று கேட்டேன். பத்து என்றார்கள், பதினைந்து என்றார்கள். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 40 வருகிறது. வயதான டிரைவர் ஒருவர் கோட்டின் மேல் போய் நின்று, வண்டி வரும் திசையைப் பார்த்தார். "பத்து கூட்டினதுக்கு நாப்பதா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் அதே மனிதர் வண்டியில் ஏறி முதல் வேலையாகச் சத்தத்தை அணைத்தார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "நேத்து கோட்டு மேல நின்னீங்களே?" என்றேன்.

"தம்பி, வேகம் தப்புன்னு எனக்கும் தெரியும். இந்தக் கேமராவுக்கு வேகம் தெரியுமான்னுதான் என் சந்தேகம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். நெடுஞ்சாலையில் 110-ல் போய்க்கொண்டிருந்தேன். வலப்பக்கம் கிளைச்சாலை பிரிகிற இடத்தில் அதற்கென்று ஒரு 50 பலகை. கேமரா அதை என் சாலைக்கு உரியதாக எடுத்துக்கொண்டது. காலுக்கு அடியில் யாரோ கட்டை வைத்தது போல பெடல் மேலே வந்தது, வண்டி தொய்ந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரு லாரி. அழுத்தி மிதித்ததும் சரியாகிவிட்டது, இரண்டு விநாடிகூட இருக்காது. ஆனால் அடுத்த பிரிவு வரும்போது என் கால் தானாகவே இறுகியது. டிரைவர்களிடம் கேட்டால் இப்படி ஆளுக்கு ஒரு கதை இருக்கிறது. லாரிகளின் பின்புறம் ஒட்டியிருக்கும் வட்டமான 80 ஸ்டிக்கரைப் பார்த்துச் சத்தம் போட்டது ஒன்று. வேலை முடிந்தும் எடுக்காமல் விட்ட சாலைப்பணிப் பலகை இன்னொன்று.

பத்து தடவை பொய்யாகக் கத்தினால் பதினோராவது தடவை நிஜமாகக் கத்தும்போது காது கேட்காது. புலி வருது கதைதான்.

ஒரு பெண் டிரைவர் மட்டும் இதில் நேர் எதிர். அபராதச் சீட்டு வந்தால் டிரைவர்தான் கட்ட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு; போன வருஷம் அவர் இரண்டு கட்டினார். இப்போது பெடல் தள்ளுகிற வண்டிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறார். "நான் ரோட்டைப் பார்க்கறேன், அது போர்டைப் பார்க்கட்டும்" என்பது அவர் கட்சி. பின்னால் ஒட்டிக்கொண்டு வந்து ஹாரன் அடிக்கிறார்களே என்றால், "அவங்க வண்டியையும் மாத்தற வரைக்கும் அடிக்கட்டும்" என்கிறார். நான் கவனித்தவரை பீப் சத்தம் உள்ள வண்டியில்தான் எல்லோரும் பட்டனைத் தேடுகிறார்கள். பெடல் தள்ளும் வண்டிகளில் ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தப் பேச்சே குறைந்துவிடுகிறது. சத்தம் திட்டுவது போல இருக்கிறது. பெடல் தோளைத் தொட்டுச் சொல்வது போல.

பெரிய லாரி ஓட்டுகிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களுக்கு 90-க்கு மேல் போகாதபடி பல வருஷங்களாகவே பூட்டு. அழுத்தி மிதித்தாலும் திறக்காது. 90-ல் போகும் லாரி 88-ல் போகும் லாரியை முந்துவதைப் பார்த்திருப்பீர்கள். நெருக்கிப் போனாலும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும், மூன்று கிலோமீட்டருக்கு மேல் பக்கத்துத் தடம் அடைபடும். ஜெர்மன்காரர்கள் அதற்கு யானைப் பந்தயம் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. 1923-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் கார்களில் மணிக்கு 25 மைலுக்கு மேல் போகாதபடி கருவி பொருத்த வேண்டும் என்று நாற்பதாயிரத்துக்கும் அதிகமானோர் கையெழுத்துப் போட்டு வாக்கெடுப்பு வரை கொண்டுபோனார்கள். கார் தரப்பு திரண்டு எதிர்த்தது, வாக்கெடுப்பில் அந்த யோசனை தோற்றுப்போனது. நூறு வருஷம் கழித்து அதே வழக்கு என் டிப்போ வாசலில் நடக்கிறது.

டிரைவர்கள் சொல்லும் இன்னொன்றை நான் மேலே எழுதி அனுப்பினேன், பதில் வரவில்லை. வண்டிக்கு வேக வரம்பு வந்துவிட்டது. அன்றைய பார்சல் லிஸ்டுக்கு வரம்பு வரவில்லை. பத்து கிலோமீட்டரை 50-க்குப் பதில் 60-ல் போனால் மிச்சமாவது இரண்டு நிமிஷம். நிறுத்த இடம் தேடுவதிலும் லிஃப்டுக்குக் காத்திருப்பதிலும் போவது அதைப்போல பல மடங்கு. அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் லிஸ்டில் இன்னும் முப்பது பாக்கி என்று திரை சொல்லும்போது கையில் இருக்கிற ஒரே வழி கால்தான்.

எங்கள் டிப்போ வாசலைத் தாண்டியதும் ஒரு வளைவு. பலகையில் 50. மேப்பில் இன்னும் 30 என்றே இருக்கிறது. மரக்கிளை மறைப்பதால் கேமராவுக்குப் பலகை தெரிவதில்லை. ஆக, ஒவ்வொரு வண்டியும் கிளம்பிய முதல் நிமிஷத்திலேயே பொய்யாகக் கத்துகிறது. எல்லோரும் அங்கேயே அணைத்துவிட்டுத்தான் மேலே போகிறார்கள். மேப் நிறுவனத்துக்கு மூன்று தடவை எழுதிவிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. போன வாரம் கிளையை வெட்டச் சொல்லி நகராட்சிக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்.