வீராவுக்கு ஒரு வால்வு

“சத்தத்த எடுத்துட்டா இதுல என்ன அண்ணே மிச்சம்?”

காடி என் பட்டறை லிஃப்டில் மேலே இருந்தது. காடிக்காரப் பையன் கீழே நின்று எக்சோஸ் பைப்பை, அதாவது புகைக்குழாயை, பார்த்துக்கொண்டே கேட்டான். கோபம் இல்லை, விலை விசாரிக்கிற குரல்தான். நான் பைப் அளவைச் சொன்னேன். கேட்டது வேறு, சொன்னது வேறு என்று இரண்டு பேருக்குமே தெரியும். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்தக் காடி புரோட்டோன் வீரா, 1.5 எஞ்சினோடு தொழிற்சாலையை விட்டு வந்தது. இப்போது உள்ளே இருப்பது ஹாஃப்கட்டிலிருந்து, அதாவது ஜப்பானில் ஓடிப் பாதியாக வெட்டி வந்த காடியிலிருந்து, இறக்கிய 4ஜி93 ட்வின் கேம் எஞ்சின். புஸ்பாகோம் வாகனச் சோதனை முடித்து, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் பதிவுப் பத்திரத்தில், அதாவது கிராண்டில், எஞ்சின் எண்ணும் சிசியும் மாற்றி எழுதியாயிற்று, ஒளிவுமறைவு இல்லை. பழைய 4ஜி15 1,468 சிசி, சாலை வரி வருடத்துக்கு 90 வெள்ளி (ரிங்கிட்). 4ஜி93 1,834 சிசி. 1,800-க்கு மேல் போனால் 280 வெள்ளி அடிப்படை, மேலே உள்ள ஒவ்வொரு சிசிக்கும் 50 காசு. 34 சிசிக்கு 17 வெள்ளி, மொத்தம் 297. வருடா வருடம் மூன்று மடங்குக்கு மேல் வரி கட்டுகிறவனிடம் சத்தத்தைக் குறை என்று சொன்னால் அப்படித்தான் கேட்பான்.

இதில் இன்னொன்றும் உண்டு. அவனுக்கு வேலை தஞ்சோங் மாலிமில். 2025 செப்டம்பரில் புரோட்டோன் அங்கே மின்சாரக் காடிக்கென்று தனித் தொழிற்சாலை திறந்ததே, அங்கேதான் ஷிப்ட். பகலெல்லாம் எக்சோஸே இல்லாத காடியைப் பூட்டிவிட்டு, சாயங்காலம் சிலிம் ரிவருக்கு இரண்டரை அங்குலப் பைப்போடு திரும்பி வருகிறான். அவன் குடியிருக்கும் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. ரோட்டில் ஒரு சம்மனும் வாங்கிவிட்டான். அதனால் அவன் கேட்டு வந்தது ஒரு கட்-அவுட் வால்வு.

“தாமான்ல மூடிக்கலாம், தோட்டத்து ரோட்ல திறந்துக்கலாம் அண்ணே. சுவிட்ச் டேஷ்போர்டுக்குக் கீழ வச்சுடுங்க.”

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஃப்ளெக்ஸ் என்கிற வளைந்துகொடுக்கும் இணைப்புக்குப் பின்னால் பைப்பை வெட்டி ஒரு ஒய் கிளை, அதில் பட்டாம்பூச்சி வால்வு, வால்வைத் திருப்ப சின்ன மோட்டார். சுவிட்சைத் தட்டினால் புகை சைலன்சருக்குப் போகாமல் அங்கேயே வெளியேறும். இணையத்தில் முழு செட்டாக விற்கிறார்கள், அரை நாள் வேலை. பூட்டிய முதல் மாதம் எல்லாம் நன்றாக இருக்கும். அப்புறம் வால்வின் தண்டில் கரி ஏறும், முழுக்க மூடாது. மூடாத வால்வு எதையோ சீவுவது மாதிரி சத்தம் போடும், அதற்குத் திறந்த வால்வே தேவலாம். பைப்பின் சூட்டில் மோட்டாரின் கியர் உருகும். பைப்பில் மிகத் தாழ்ந்த இடமும் அதுவாகத்தான் இருக்கும், ஸ்பீட் பிரேக்கரில் முதலில் இடிபடும்.

இதெல்லாம் காசுக் கணக்கு. நான் மறுத்ததற்குக் காரணம் வேறு. வீராவின் தரைத் தகட்டில் ரப்பர் அடைப்பான்கள் இருக்கின்றன. 1993-இல் வந்து 2009-இல் நின்ற மாடல், அந்த ரப்பர் இன்று பிஸ்கட் மாதிரி உடைகிறது. வால்வு திறப்பது முன் சீட்டுக்கு நேர் கீழே. சிக்னலில் ஏர்கோன் போட்டு நின்றால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வர வழி இருக்கிறது. அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. இதைச் சொன்னதும் அவன் உடனே ஒத்துக்கொண்டான். அந்த இடத்தில் எனக்குத் துளிக்கூடச் சந்தேகம் இல்லை. சந்தேகம் எல்லாம் அதற்கு அப்புறம் நான் செய்ததில்தான்.

வால்வு வேண்டாம், முழுசாக அமைதியான எக்சோஸ் செய்யலாம் என்றேன். இரண்டரை அங்குலத்தை எடுத்துவிட்டு இரண்டேகால். குறுக்குப் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு குறையும், டர்போ இல்லாத 1.8-க்கு அதுவே தாராளம். பைப் அகலமானால் சக்தி கூடும் என்பது பாதி உண்மை. எஞ்சின் மெதுவாகச் சுற்றும் குறைந்த ஆர்பிஎம்மில் புகையின் வேகம் விழுந்துவிடும், அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துச் செல்கிற வேலை கெடும். டவுனில் இரண்டாவது கியரில் மிதித்தால் காடி யோசித்துவிட்டுத்தான் நகரும். அவன் காடி அப்படித்தான் நகர்ந்தது. எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் எக்ஸ்ட்ராக்டர் 4-2-1 நல்ல அமைப்பு, நாலு பைப் இரண்டாகி ஒன்றாகும், சிலிண்டர் 1-4 ஒரு ஜோடி, 2-3 ஒரு ஜோடி, அதைத் தொடவில்லை.

அவனுக்கே தலைவலி கொடுத்தது 3,000 ஆர்பிஎம் பக்கத்தில் வரும் இரைச்சல். நெடுஞ்சாலையில் காடி அங்கேதான் ஓடும். நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 3,000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 50 சுற்று, 100 வெடிப்பு, அதாவது 100 ஹெர்ட்ஸ். கேபினின் தகடும் காற்றும் சேர்ந்து அதிர்வதற்கு வாகான சத்தம். அதைச் சைலன்சரைப் பெரிதாக்கி அடக்க முடியாது, பக்கக் கிளை போட்டால் அடங்கும். பைப்பிலிருந்து ஒரு கிளை, மறுமுனை அடைப்பு. உள்ளே போன அலை முட்டித் திரும்பி வரும்போது எதிர் அலையாக வந்து சேர்ந்தால் அந்த ஒரு சத்தம் மட்டும் செத்துவிடும். கிளையின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு. 350 பாகை சூட்டில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் போகும். 500-ஐ 400-ஆல் வகுத்தால் 1.25 மீட்டர். ஆனால் அடைத்த கிளைக்குள் புகை ஓடுவதில்லை, அங்கே சூடு குறைவு. அதனால் சரியான நீளம் அதற்கும் குறைவாகத்தான் வரும், ஒரு மீட்டரை ஒட்டி. நீளமாக வெட்டி வைத்து, முனை மூடியைக் கிளாம்பில் பிடித்து ஓட்டிப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். மூடிக்கு வெல்டிங் கடைசியில்தான். முதலிலேயே அடைத்துவிட்டால் இரைச்சல் 2,700-க்கோ 3,300-க்கோ இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். வீராவில் ஸ்பேர் டயர் பள்ளத்தின் ஓரமாக மடித்துக் கொண்டுபோக இடம் இருக்கிறது.

மற்றது வழக்கமான வேலை. 304 ஸ்டெயின்லெஸ், டிக் வெல்டிங், பைப்புக்குள்ளே ஆர்கான் விட்டபடி. உள்ளே ஆர்கான் விடாவிட்டால் தையலின் உட்பக்கம் பொரிந்துபோகும், அங்கிருந்துதான் வெடிப்பு கிளம்பும். எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருப்பதால் முன்னும் பின்னும் ஆடும், ஃப்ளெக்ஸ் இல்லாமல் நேர்ப் பைப் போட்டால் எக்ஸ்ட்ராக்டர் ஃப்ளாஞ்ச் பிளந்துகொள்ளும். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் ஒரு இணைப்பிலும் கசிவு கூடாது. வெளிக்காற்று உள்ளே போனால் பெட்ரோல் போதவில்லை என்று ஈசியூ, அதாவது எஞ்சினின் கணினி, நினைத்துக்கொண்டு கூட ஊற்றும், ‘எண்ணெய் குடிக்குது அண்ணே’ என்று காடி திரும்பி வரும். சைலன்சரின் தாழ்ந்த மூலையில் 3 மி.மீ. துளை ஒன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. வீட்டுக்கும் டவுனுக்கும் மட்டும் ஓடுகிற காடியில் அது ஆவியாகாமல் தேங்கி, சைலன்சரை உள்ளிருந்தே தின்னும்.

இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான், சத்தத்தை எடுத்துவிட்டால் என்ன மிச்சம் என்ற அந்தக் கேள்வி வந்தது.

என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். சத்தம்தான் சக்தி என்று நினைக்கிறார்கள். குழாய் வாயிலிருந்து அரை மீட்டரில் மீட்டரை வைத்து 100 டெசிபெல் காட்டினாலும், சத்தமாக வெளியே போவது ஒரு வாட்டுக்கும் கீழேதான். எஞ்சின் தருவதோ 100 கிலோவாட் கணக்கில். பக்கத்து வீட்டுக் குழந்தையை எழுப்புவதற்கும் காடி ஓடுவதற்கும் சம்பந்தமே இல்லை. இன்று ரோட்டில் கேட்கிற பெரும்பாலான சத்தம் மட்டமான வேலையின் சத்தம். பஞ்சு எரிந்துபோன சைலன்சர், அமுக்கி வளைத்ததில் நசுங்கிய பைப், மிக் வெல்டிங்கில் விட்ட ஓட்டை. இதையெல்லாம் சேர்த்து ‘பெட்ரோல் காடியின் குரல்’ என்று கொண்டாடச் சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இந்த நியாயம் அவன் கேள்விக்குப் பொருந்தவில்லை. அவன் சக்தியைப் பற்றிக் கேட்கவில்லை. மின்சாரக் காடியோடு ஒப்பிட்டுக் கேட்டான். வேகம் என்றால் அவன் தொழிற்சாலையில் பூட்டுகிற காடியே சிக்னலில் இவனைத் தாண்டிவிடும். செலவு என்றால் கேட்கவே வேண்டாம். அரசாங்கத்தின் பூடி95 மானியத் திட்டத்தில் ரோன் 95 பெட்ரோல் ஒரு லிட்டர் 1.99 வெள்ளி என்பது உதவிதான், ஆனால் கம்ப்ரஷன் கூடிய ட்வின் கேமுக்கு அவன் ஊற்றுவது ரோன் 97, அதற்கு மானியம் இல்லை. டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடிக்கிற எஞ்சின் இது. ஆகவே பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப், கேம் சீல், கிராங்க் சீல் எல்லாம் ஒன்றாக மாற்ற வேண்டும். 90-களில் ஜப்பானில் ஓடிய காடிகளின் ஹாஃப்கட் இனி எத்தனை வரும்? இத்தனைக்கும் எதிர்த்தட்டில் அவன் வைத்திருந்தது ஒரே ஒரு பொருள். அதைத்தான் நான் கழற்றச் சொன்னேன்.

இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு அது வெறும் அலட்டலும் இல்லை. 2002-இல் நம் மலேசிய ரேலி ஓட்டுநர் கரம்ஜித் சிங் புரோட்டோன் பெர்ட் காடியில் உலக ரேலியின் புரொடக்‌ஷன் பிரிவுப் பட்டத்தை வாங்கினார். நம் ஊர்ப் பேர் போட்ட காடி, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே மண் ரோட்டில் ஓடுகிற அதே ஜாதி எஞ்சின் சத்தம். அப்போது பிறக்காத பையன்கூட அந்த வீடியோவைப் போனில் வைத்திருக்கிறான். செப்பாங்கில் 1999-இல் தொடங்கி 2017-இல் முடிந்த எஃப்1 பந்தயத்தைப் பார்த்தவர்களையும் கேட்டுப் பாருங்கள், யார் ஜெயித்தார் என்பது மறந்திருக்கும், வி10 சத்தம் மறந்திருக்காது. 2014-இல் ஹைப்ரிட் வி6 வந்த பிறகு காதை அடைக்காமலே உட்கார்ந்து பார்க்க முடிந்தது. டிக்கெட் வாங்கியவர்கள் அதைக் குறையாகத்தான் சொன்னார்கள்.

சத்தத்தைக் கழற்றச் சொல்கிற எங்கள் தொழிலும் சத்தத்தில்தான் ஓடுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று அடித்து, சூடேறியதும் நின்றால் பெரும்பாலும் எக்சோஸ் கேஸ்கெட் கசிவு, உலோகம் விரிந்து அடைத்துக்கொள்கிறது. சூடேறியும் நிற்கவில்லை என்றால் இந்த 4ஜி93-இல் முதல் சந்தேகம் ஹைட்ராலிக் லிஃப்டர் மேல், எஞ்சின் எண்ணெயைப் பார். நீளமான ஸ்க்ரூடிரைவரை வாட்டர் பம்பில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்தால் பேரிங் பேசும். குழாய் வாயில் துணியை லேசாகப் பிடித்தால் எந்தச் சிலிண்டரோ விடுவது கைக்குத் தெரியும். கணினி பிறகுதான்.

மின்சாரக் காடியும் சத்தமில்லாத காடி கிடையாது. வீல் பேரிங் முனகல், டயர் இரைச்சல், சஸ்பென்ஷன் புஷ் முறுக்கல், எல்லாம் பெட்ரோல் காடியிலும் உண்டு, எஞ்சின் மறைத்துக்கொண்டிருந்தது. இப்போது மறைக்க ஆள் இல்லை, காடியில் பேய் இருக்கிறது என்கிற மாதிரி வந்து நிற்கிறார்கள். மெதுவாகப் போகும்போது ஸ்பீக்கரில் ஒரு செயற்கைச் சத்தம் வருகிறதே, 20 கி.மீ. வேகம் வரை, அது நடப்பவர்களுக்காக வைத்தது. ஆக, சத்தமே இல்லாத காடி ஆபத்து என்று சட்டம் போட்டவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. இதை அவனிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பான். அதுவும் பதிலாகாது.

கடைசியில் சொன்னபடியே செய்தான். வேலை நன்றாக வந்தது, அதில் எனக்குப் பெருமைதான். 3,000-த்தில் கேபினில் சாதாரணமாகப் பேசலாம், மிதித்தால் 4,500-க்கு மேல் தொண்டை திறக்கும், தாமானில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். துரோலாக் வரை ஓட்டிவிட்டு வந்து சாவியைச் சுழற்றிக்கொண்டே, “நல்லா இருக்கு அண்ணே. அப்பா ஓட்டுனப்ப இருந்த மாதிரியே இருக்கு” என்றான்.

வீரா அவன் அப்பா வாங்கியது. அந்தப் பேச்சைப் பாராட்டாகவும் எடுத்துக்கொள்ளலாம். அப்பாவின் காடியை அப்பாவின் காடியாக இருக்க விடாமல்தானே அவ்வளவு செலவு செய்தான் என்றும் எடுத்துக்கொள்ளலாம். என் உதவியாள் முதலாவது என்கிறான். எனக்கு ஒரு நாள் அப்படித் தோன்றுகிறது, மறுநாள் இப்படி. வால்வை ஒழுங்காகப் பூட்டித் தர வழியே இல்லையா என்றால் இருக்கிறது. பின் ஆக்சிலுக்கு அப்பால், சைலன்சரை ஒட்டி, வேக்குவம் வால்வாகப் போடலாம், தொழிற்சாலையிலிருந்தே அப்படி வரும் காடிகள் உண்டு. தரையின் அடைப்பான்களையும் புதிதாக மாற்றிவிடலாம். செலவு ஒன்றரை மடங்கு ஆகியிருக்கும். அவன் கொடுத்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். திறந்தால் சட்டப்படி குற்றம் என்பது அப்படியேதான் இருக்கும், அதனால் செய்யாமல் விட்டதும் சரிதான்.

போன வாரம் எஞ்சின் எண்ணெய் மாற்ற வந்தவன் வேறொன்று விசாரித்தான். பழைய 4ஜி15 வீட்டுக்குப் பின்னால் ஜிங்க் கூரையின் கீழ் இருக்கிறதாம், அதைத் திரும்ப ஏற்ற எவ்வளவு ஆகும், 4ஜி93-ஐ யாராவது வாங்குவார்களா என்று. வாங்குவார்கள், ஓடுகிற நிலையில் இருக்கிற ட்வின் கேமுக்கு ஆள் தேட வேண்டியதே இல்லை. கிராண்டை மறுபடி மாற்றினால் வரியும் 90-க்கு இறங்கும். கிடந்த எஞ்சினை நேரே ஸ்டார்ட் செய்யக் கூடாது, பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, கிராங்க்கைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். சுற்றினால் வால்வு சீலும் பெல்ட்டும் புதிதாகப் போட்டு ஏற்றிவிடலாம். விலை இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. சிங்கிள் கேமான 4ஜி15-க்கு வேறு ஈசியூ, வேறு வயரிங், வேறு மவுண்டிங். பழையதையெல்லாம் அவன் எடுத்து வைத்திருக்கிறானா, தூக்கிப் போட்டுவிட்டானா என்று முதலில் கேட்க வேண்டும்.