நீர்கொழும்புக் கருவாடும் ஒரு வினைமுற்றும்

ஏப்ரல் முதல் கிழமையில் சைக்கிள் ஓடப் போறன் என்றதும் அம்மா சொன்னா, "உனக்கு ஏற்கெனவே மண்டைக்குள்ள வெயில் ஏறிட்டுது." அதில் பிழை சொல்ல முடியாது. ஏப்ரல் 5ஆம் திகதியளவில் தொடங்கி ஒரு பத்து நாளைக்கு இலங்கைக்கு நேரே சூரியன் உச்சம் கொடுக்கும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் வருசாவருசம் அறிவிக்கிறது. எங்கட குழு வெள்ளவத்தையிலிருந்து நீர்கொழும்புக்குப் போய்வர நாள் குறித்தது சரியாக அதற்குள்தான். ஞாயிறு விடியக்காலை ஐந்தேகால், பதினொரு பேர்.

என்னுடையது 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று வெறுத்துப்போய் வாங்கின லுமாலா சைக்கிள். கரியர், மட்கார்ட், மணி எல்லாம் இருக்கு. மற்றவர்களின் சைக்கிள்களை ஒரு விரலில் தூக்கலாம். அதனால் ஒவ்வொரு முறையும் 'கடைசி ஆள்' வேலை எனக்குத்தான்: பிந்துகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வருவது. அன்றைக்குப் பிந்தினது ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சர் மட்டும். வயசு அறுபத்துமூன்று. ஊரில் முப்பது வருசம் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய்வந்த கால், களைக்கவே களைக்காது. ஆனால் எதைக் கண்டாலும் இறங்கிவிடுவா.

காலிமுகம், கொச்சிக்கடை, மட்டக்குளிப் பாலம் வரைக்கும் கதையில்லை. களனி கங்கையைத் தாண்டி ஹெந்தளை, உஸ்வெட்டகெய்யாவ வந்தபிறகுதான் மூச்சு வந்தது. இடப்பக்கம் தென்னைகளுக்கிடையில் கடல், வலப்பக்கம் கால்வாய், அதற்கு அங்கால முத்துராஜவெல சதுப்பு. பெரும்பாலான ஆட்கள் அதை டச்சுக் கால்வாய் என்பார்கள். உண்மையில் இது ஹமில்டன் கால்வாய். ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் வெட்டி முடித்தது, 14.5 கிலோமீற்றர். முந்தி வயலாகக் கிடந்த சதுப்பிலிருந்து உப்புத்தண்ணியை வடிக்கத்தான் வெட்டினார்களாம். ரீச்சர் இதற்கும் இறங்கினா. "'வெல' எண்டால் சிங்களத்தில வயல். பேரில மட்டும் வயல் மிஞ்சியிருக்கு, பாத்தியா தம்பி?"

பிட்டிபன தாண்டி துவப் பக்கம் போனபோது கருவாட்டு மணம் முகத்தில் அடித்தது. மணலில் தும்புப் பாய்கள் விரித்து, அதன்மேல் கட்டாவும் சூடையும். கட்டாவை முதுகுப் பக்கத்தால் பிளந்து புத்தகம் மாதிரி விரித்திருந்தார்கள். உட்பக்கத்தில் உப்பு பூத்து, வெயிலில் கண்ணைக் கூசியது. தலையில் துவாய் கட்டின ஒரு அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தா. ரீச்சர் தன் அரைகுறைச் சிங்களத்தில் "மேக்க கீயத?" என்று விலை கேட்டா. அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, சிரித்துவிட்டுத் தமிழில் விலை சொன்னா.

"தமிழோ நீங்கள்?"

"இல்லை, சிங்களம். வீட்டில பேசுறது இது."

அதோடு என் நேர அட்டவணை முடிந்தது. கதை நீண்டது. அவவின் மகன் கடலுக்குப் போனது, தான் கொழும்புக்குப் போனது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது. எனக்கு அது சும்மா ஊர்ப்பேச்சாகக் கேட்டது. ரீச்சர் மெல்ல என் கையைக் கிள்ளினா. "கவனி. 'நான் போனது', 'அவன் போனது', 'அவங்க போனது'. போனேன், போனான், போனார்கள் எல்லாம் விழுந்துபோச்சு. சிங்களத்தில பேசேக்க வினை ஆளுக்கு ஆள் மாறாதெல்லோ? அதுதான் இங்கயும் வந்திருக்கு." முப்பது வருசமாக இதே பிழைக்குச் சிவப்பு மையால் வட்டம் போட்ட ஆள், நகைக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறமாதிரி நின்றா. நன்றிக்கடனோ என்னவோ, இரண்டு கிலோ கட்டாவும் வாங்கினா. வைக்க இடமிருந்தது ஒரேயொரு கரியரில்.

நீர்கொழும்பில் மற்ற ஒன்பது பேரும் சாப்பிட்டு முடித்து, மூன்றாவது பிளேன்டீயில் இருந்தார்கள். எங்களைக் கண்டதும் கடிகாரத்தைக் காட்டினார்கள். பிறகு மணம் பிடித்து இரண்டடி தள்ளிப்போனார்கள்.

வெயிலுக்கு முன்னம் திரும்பிவிடுவது என்ற திட்டம் இப்படித்தான் பாழானது. பமுணுகமவுக்குக் கிட்ட, பன்னிரண்டு மணி தாண்டிப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில், செவ்விளநீர் குடிக்க நிறுத்தினோம். சைக்கிளை நட்டமாய்ப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். நிழல் எந்தப் பக்கமும் சாயவில்லை. ஹாண்டிலின் நிழல் முன்சில்லுக்கு நேர் கீழே, தாரில் ஒரு கோடு. என்னுடைய நிழல் செருப்பைச் சுற்றி வட்டமாய்க் கிடந்தது. திணைக்களத்தின் அறிவித்தலை இத்தனை வருசம் பேப்பரில் வாசித்தும் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

அங்கே ஒருவனுக்குக் கெண்டைக்கால் பிடித்தது. ஜீவனி உப்புச்சீனித்தூள் பக்கெட் ஒன்றைத் தண்ணியில் கரைத்துக் குடுத்து, மரநிழலில் அரைமணித்தியாலம் படுக்க வைத்தோம். ஆளின் சைக்கிள் விலைக்கு என்னுடையதைப்போல ஆறு வாங்கலாம். (இதைச் சொல்வதில் எனக்கு ஒரு அற்ப சந்தோசம்.)

வெள்ளவத்தைச் சந்தியில் ரீச்சர் கருவாட்டில் பாதியைப் பிரித்து என்னிடம் தந்துவிட்டா. எங்கட மாடிவீட்டு லிப்டில் இரண்டாம் மாடி அங்கிள் ஏறினார். மூக்கை ஒருதரம் உறிஞ்சினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"கட்டாவோ? கிலோ என்ன விலை?"

இரவு குழு வாட்சப்பில் வழமைபோல ஆளாளுக்கு வீடு வந்து சேர்ந்த செய்தி போட்டார்கள். கடைசியாக ரீச்சர்: "நான் வந்தது."

உடனே அதற்குக் கீழே, கெண்டைக்கால் பிடித்த அந்தத் தம்பி திருத்தம் போட்டான்: "வந்தேன்*".